உடன் நிற்போர் தேவை

1954-ஆம் ஆண்டு நேர்ந்த சாலை விபத்தில் மருத்துவர் மேரி வர்கீசின் கால்கள் செயலிழந்தன. ஆயினும் மருத்துவர் பால் பிராண்ட் அளித்த ஊக்கத்தால், வேலூரில் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். திறமை அவருடையது, வழியமைத்தவர்கள் உடன் நின்றோர்.

ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் தோல் தொழிலில் உழைக்கும் குடும்பங்களில் செவித்திறன் குறைந்த மகள் ஆய்வக நுட்பம் பயில விரும்பினால், “உனக்கெதற்கு அந்தப் படிப்பு?” என்கிறோம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காடு இடங்களை ஒதுக்கியுள்ளது. இடம் மட்டும் போதாது. முகக்கவசம் அணிந்த ஆசிரியரின் உதட்டசைவை அம்மாணவி எவ்வாறு அறிவார்? அருகிருந்து எழுதிக்காட்டவும் சைகையால் விளக்கவும் துணை ஆசிரியர் ஒருவர் வேண்டும்.

இதனால் தரம் குறையுமோ என நோயாளிகள் ஐயுறுவது இயல்பே. துணை ஆசிரியர் எத்தனை முறையும் விளக்கலாம். ஊசியைப் பிடிக்க வேண்டியவர் மாணவியே. தேர்ச்சிக்கான அளவுகோலும் அனைவருக்கும் ஒன்றே. இதில் தளர்வு கூடாது என்பதே எம் கருத்து.

ஆகவே பயிற்சி நிறுவனங்கள் இப்பணியிடத்தை வீண்செலவாகக் கருதலாகாது. பெற்றோரே, சேர்க்கையின்போதே இவ்வுதவி உண்டா எனக் கேளுங்கள். உங்கள் படுக்கையருகே அத்தகைய மாணவி வந்தால், அவர் முகம் நோக்கி நிதானமாகப் பேசுங்கள். அச்சிறு பொறுமையும் அவருக்கு ஒரு பாடமே.