சேர்க்கையில் இடஒதுக்கீடு, பீரோவில் சான்றிதழ்: செவிலியர் கல்வியில் நடப்பது என்ன?

கடந்த மாதம் விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு காலனிக்குப் போயிருந்தோம். ஓர் அம்மா எங்களிடம் ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினார். உள்ளே அவர் மகளின் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருட மதிப்பெண் பட்டியல்கள். எல்லாமே ஜெராக்ஸ். அசல் ஒன்றுகூட இல்லை.

"அசல் எல்லாம் காலேஜ் பீரோவுல இருக்குங்க. எண்பத்தஞ்சாயிரம் கட்டுனாத்தான் தருவோம்னு சொல்லிட்டாங்க" என்றார்.

அந்தப் பெண் எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. ஊசி போடத் தெரியும், பிரசவம் பார்க்கத் தெரியும், ஐ.சி.யூ.வில் இரவு முழுக்க நின்ற அனுபவம் உண்டு. இன்று அவர் திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடித்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு வீட்டின் துரதிர்ஷ்டம் என்று இதைக் கடந்து போக எங்களால் முடியவில்லை. இதே கவரை, இதே ஜெராக்ஸ் கட்டை, வேறு வேறு காலனிகளில் வேறு வேறு அம்மாக்களின் கையில் பார்த்திருக்கிறோம். பிள்ளைகள் படித்த கல்லூரிகள் வேறு. பீரோ மட்டும் ஒன்றுதான்.

தமிழ்நாட்டில் 69 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. அதில் பட்டியல் சாதியினருக்கு 18 (அருந்ததியருக்கான 3 உள்ஒதுக்கீடும் இதில் அடக்கம்), பழங்குடியினருக்கு 1. பி.எஸ்சி. நர்சிங் கலந்தாய்வில் நம் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணோடு போய் நின்று இடம் வாங்குகிறார்கள். அதைக் காட்டி, "உங்களுக்கு என்ன குறை, எல்லாம்தான் கிடைக்கிறதே" என்கிறார்கள். நாங்கள் சொல்வது இதுதான்: இடஒதுக்கீடு நம் பிள்ளையைக் கல்லூரி வாசல்வரை கொண்டுவந்து விடுகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு படியிலும் காலைப் பிடித்து இழுக்கிறார்கள். அந்த இழுப்பு யார் கணக்கிலும் வருவதில்லை.

முதல் படி கட்டணம். 2012-இல் ஆதிதிராவிடர் நலத்துறை வெளியிட்ட அரசாணை 92 நம் தோழர்கள் பலருக்கும் மனப்பாடம். வருமான வரம்புக்குள் வரும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவம் தழுவிய ஆதிதிராவிடர் மாணவர்கள் சுயநிதிக் கல்லூரியில் படித்தாலும் கட்டாயக் கட்டணத்தை அரசு ஏற்கும் என்றது அது. போராடிப் பெற்ற ஆணை. நடைமுறையில் என்ன நடக்கிறது? சேர்க்கையன்றே "முதலில் கட்டுங்கள், ஸ்காலர்ஷிப் வந்ததும் திருப்பித் தருகிறோம்" என்கிறது நிர்வாகம். நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மா தோட்டை அடகு வைக்கிறார், சுய உதவிக் குழுவில் கடன் வாங்குகிறார். அடுத்த வருடம் கட்ட முடிவதில்லை. அப்போது தொடங்குகிறது அவமானம். வகுப்பின் நடுவே, "ஸ்காலர்ஷிப் பிள்ளைங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்கிறார்கள். யாரும் சாதியைச் சொல்லவில்லை. ஆனால் அந்த நிமிடத்தில் வகுப்பு முழுக்க யார் யார் காலனி என்று தெரிந்துவிடுகிறது. அன்று முதல் விடுதி அறையில் யாரோடு யார் தட்டைப் பகிர்வது என்பதும் மாறிவிடுகிறது.

கல்லூரி தரப்பு என்ன சொல்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். அரசுப் பணம் காலத்தில் வருவதில்லை, வந்தாலும் இப்போது மாணவியின் வங்கிக் கணக்குக்குப் போகிறது, வீட்டில் செலவாகிவிடுகிறது, நாங்கள் சம்பளம் எப்படிப் போடுவது என்கிறார்கள். இதில் பாதி உண்மை. ஒன்றிய அரசு 60, மாநில அரசு 40 என்று 2021 முதல் பங்கு பிரித்துக்கொண்ட உதவித்தொகை, கட்டணம் கேட்கும் நாளில் கையில் இருப்பதில்லை. ஆனால் அரசின் தாமதத்துக்கு அரசிடம் கேட்க வேண்டியதுதானே? பதினெட்டு வயதுப் பெண்ணின் பத்தாம் வகுப்புச் சான்றிதழை ஏன் அடமானம் பிடிக்கிறீர்கள்? 1913-இல் அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாவுக்குப் போனது பரோடா மன்னர் தந்த உதவித்தொகையில். அந்தப் பணம் படிப்பு முடிந்து இரண்டு வருடம் கழித்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உதவித்தொகைக் கோப்பைப் புரட்டும் ஒவ்வோர் அதிகாரியும் ஒரு நிமிடம் யோசிக்கட்டும்.

அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலேயே அறிவித்துவிட்டது. கல்விச் சான்றிதழ் விற்பனைச் சரக்கு அல்ல, அதன்மேல் பிடிமானம் கோர முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. இருந்தும் பீரோ திறப்பதில்லை. கேட்கப் போன பெற்றோரிடம், "கேஸ் போடுங்க, பாத்துக்கலாம்" என்று சிரித்த நிர்வாகியை நாங்களே பார்த்திருக்கிறோம்.

அந்தப் பீரோ பூட்டியிருப்பதால் என்னவெல்லாம் நின்றுபோகிறது என்று பாருங்கள். அசல் இல்லாமல் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாமல் சட்டப்படி செவிலியர் ஆக முடியாது. அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. தனியார் மருத்துவமனை சேர்த்துக்கொண்டாலும் செவிலியர் என்று சேர்க்காது. 'உதவியாளர்' என்று குறைந்த சம்பளத்துக்குச் சேர்க்கும். அனுபவச் சான்றிதழ் தராது. எம்.எஸ்சி. நர்சிங் சேர வேண்டுமென்றால் பி.எஸ்சி.யில் 55 சதவீத மதிப்பெண்ணும், ஒரு வருடப் பணி அனுபவமும் வேண்டும். அந்த ஒரு வருட அனுபவம்தான் நம் பிள்ளைக்குக் கிடைக்கவே போவதில்லையே! எம்.எஸ்சி. இல்லாமல் பேராசிரியர் ஆக முடியாது. ஆகவே எண்பத்தைந்தாயிரம் ரூபாய்க்குப் பூட்டப்பட்ட ஒரு பீரோ, ஒரு தலைமுறையில் உருவாகியிருக்க வேண்டிய ஓர் ஆசிரியரையே உள்ளே வைத்துப் பூட்டிவிடுகிறது.

சான்றிதழ் கைக்கு வந்தவர்கள் நிலை மட்டும் என்ன? ஐம்பது படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்று, உச்ச நீதிமன்றம் 2016-இல் இட்ட உத்தரவின்படி அமைந்த குழு பரிந்துரைத்தது. எங்கள் பகுதி நர்சிங் ஹோம்களில் அந்தத் தொகையைச் சொன்னால் சிரிப்பார்கள். அரசு என்ன ஒழுங்கா? 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத் தேர்வெழுதி வந்த செவிலியர்களை மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் அமர்த்தியது. 2017-இல் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. இந்தச் சம்பளத்தில் குடும்பக் கடனையும் அடைத்து, வேலையையும் விட்டுவிட்டு, இரண்டு வருட எம்.எஸ்சி. படிக்க யாரால் முடியும்? பின்னால் தாங்கிப் பிடிக்க நிலமும் வீடும் உள்ளவரால் முடியும்.

அடுத்த படி வகுப்பறை. கற்பிப்பவர் யார்? சுயநிதிக் கல்லூரிகளில் மாணவர் சேர்க்கைக்கு இடஒதுக்கீடு கேட்க அரசமைப்பின் 15(5) பிரிவு வழி திறந்திருக்கிறது. சிறுபான்மை நிறுவனங்களுக்கு அதிலும் விலக்கு. ஆசிரியர் நியமனத்துக்கோ அந்த வழியும் இல்லை. நிர்வாகி தன் ஆட்களை நியமிக்கலாம். அவர்கள் அகமதிப்பீட்டு மதிப்பெண் போடுவார்கள், செய்முறைத் தேர்வில் எதிரே உட்காருவார்கள். காலனியிலிருந்து தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளை உடற்கூறியலை ஆங்கிலத்தில் திக்கித் திணறிச் சொல்லும்போது, அது மொழிச் சிக்கல் என்று பார்க்கவும் ஆள் உண்டு, "இதுங்களுக்கு இதுக்கு மேல வராது" என்று பார்க்கவும் ஆள் உண்டு. இரண்டாவது வகை ஆள் கையில் மதிப்பெண் இருந்தால் 55 சதவீதம் எங்கிருந்து வரும்? மும்பையில் முதுநிலை மருத்துவம் படித்த பழங்குடிப் பெண் பாயல் தாத்வியை, சீனியர்களின் சாதியக் கொடுமை பற்றிய புகார்களுக்கு நடுவே, 2019 மே மாதம் இழந்தோம். மருத்துவமனை வளாகத்தில் சாதி இல்லை என்று இன்னும் யாராவது சொன்னால் அவர்களிடம் அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

ஒரு வார்டுக்குள் போய் நின்று பாருங்கள். பெட்பேன் எடுப்பவர், தரை துடைப்பவர், பிணத்தைத் தள்ளிக்கொண்டு போபவர் யார்? ஒப்பந்தக் கம்பெனி சட்டை போட்ட நம் அக்காக்கள், அண்ணன்கள். அவர்களுக்கு மேலே, ஊருக்கு ஊர் டிரஸ்ட் பெயரில் நடக்கும், எந்தக் குழுமமும் அங்கீகரிக்காத ஒரு வருட 'நர்சிங்' படித்து வெள்ளைக் கோட்டு மாட்டிய நம் தங்கைகள். அதற்கு மேலே ஏ.என்.எம்., டிப்ளமோ. அதற்கு மேலே பி.எஸ்சி. உச்சியில் எம்.எஸ்சி., பிஎச்.டி. முடித்த கண்காணிப்பாளர்களும் பேராசிரியர்களும். கீழே போகப் போகக் காலனி, மேலே போகப் போக ஊர். அண்ணல் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையைப் பாடம் நடத்த வேறு படம் தேவையில்லை.

இதில் ஒரு வரலாற்று மோசடியும் இருக்கிறது. ரத்தத்தையும் மலத்தையும் தொடுவது தீட்டு என்று சாதி இந்துக்கள் இந்தத் தொழிலைத் தீண்டாமல் ஒதுங்கி நின்ற காலம் ஒன்று உண்டு. 1946-இல் போர் குழு கணக்கெடுத்தபோது பிரிக்கப்படாத இந்தியா முழுமைக்கும் ஏறத்தாழ 7,000 செவிலியர்தான் இருந்தார்கள். அந்த நாட்களில் மிஷன் மருத்துவமனைகளில் தொட்டுத் துடைத்துப் பிள்ளை பெறவைத்தவர்களில் கிறித்தவம் தழுவிய நம் பாட்டிகள் இருந்தார்கள். அதே 1946-இல்தான் வேலூரிலும் டெல்லியிலும் செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கியது. பட்டம் வந்தது, சீருடை வந்தது, வெளிநாட்டு வேலை வந்தது, தீட்டு மெல்லக் கழன்றுகொண்டது. தீட்டான வேலை மட்டும் கழன்று நம் பக்கமே விழுந்தது. அந்தப் பாட்டிகளின் பேத்திகள் இன்று கலந்தாய்வுக்குப் போனால், மதம் மாறியவர்கள் என்பதால் பட்டியல் சாதி இடத்தில் விண்ணப்பிக்க முடியாது, பிற்படுத்தப்பட்டோர் வரிசையில் போய் நிற்க வேண்டும்.

ஒவ்வொரு கல்லூரியிலும் விளக்கேற்றும் விழா நடக்கிறது. நைட்டிங்கேல் பெயரால் உறுதிமொழி எடுக்கிறார்கள். எடுக்கட்டும். 1897-இல் புனேயில் பிளேக் பரவியபோது மஹர் சேரிச் சிறுவனைத் தன் முதுகில் சுமந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோய், அந்த நோய் தொற்றியே உயிர்விட்ட சாவித்ரிபாய் புலேயின் படத்தையும் அந்த மேடையில் வைக்கட்டும் என்று கேட்கிறோம். தொட மறுத்த நாட்டில் தொட்டுத் தூக்கியவர் அவர்.

படம் வைத்தால் போதாது. செவிலியர் கல்லூரிகளுக்கு இணைப்பு வழங்கித் தேர்வு நடத்திப் பட்டம் தருவது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். அதனிடமும் அரசிடமும் நாங்கள் கேட்பவை இவை:

கல்லூரி வாரியாக, சாதிப் பிரிவு வாரியாக, பி.எஸ்சி.யிலும் எம்.எஸ்சி.யிலும் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் நின்றார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ஆசிரியர்கள் கணக்கும் அதில் வேண்டும்.

அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கும் கல்லூரிக்கு அடுத்த ஆண்டு இணைப்பு கிடையாது என்று சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.

மதிப்பெண் பட்டியலும் பட்டமும் நிர்வாகத்தின் கை வழியாகப் போகாமல் நேரே மாணவியின் கைக்கு வர வேண்டும்.

உதவித்தொகை கல்வியாண்டு தொடங்கும் முன் வர வேண்டும். வராத வரையில் கட்டணப் பாக்கி என்று சொல்லி ஹால் டிக்கெட்டை மறுக்கக் கூடாது.

அரசுக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. இடங்களைப் பெருக்கி, நம் மாணவிகளுக்குப் படிக்கும் காலம் முழுக்க மாத உதவித்தொகை தர வேண்டும்.

அந்த அம்மாவோடு திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போனோம். மனு கொடுத்தோம், ரசீது வாங்கினோம். கல்லூரிக்கு ஆட்சியர் அலுவலகத்திலிருந்து கடிதம் போயிருக்கிறது. பீரோ இன்னும் திறக்கவில்லை. திறக்கும்வரை போவோம்.

உங்கள் தெருவிலும் ஒரு ஜெராக்ஸ் கவர் இருக்கும். நர்சிங் முடித்துவிட்டு ஜவுளிக்கடைக்கோ செங்கல் சூளைக்கோ போகும் ஒரு தங்கை இருப்பார். அவர் வீட்டுக்குப் போய், "அசல் எங்கே?" என்று கேளுங்கள். பெயரையும் ஊரையும் கல்லூரியையும் தொகையையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பல்கலைக்கழகம் கணக்கெடுக்காவிட்டால் நாம் எடுப்போம். அந்தப் பட்டியலோடு கிண்டியில் பல்கலைக்கழக வாசலில் போய் நிற்போம்.