பிறவாத பிள்ளைக்கு ஜாதகம்

பிறவாத பிள்ளைக்கு ஜாதகம் கணிக்கும் சோதிடனைக் கண்டு நகைக்கும் நம் தோழர்கள், இன்னும் கதவே திறவாத கம்பெனிக்குப் பத்திரிகைகள் கணிக்கும் ஜாதகத்தை மட்டும் பயபக்தியுடன் படிப்பது விந்தையே. மொழி கற்பிக்கும் புதுக் கம்பெனிகளின் விஷயத்தில் இவ்வழக்கம் மிகுந்திருப்பதால் சில சொல்லத் துணிகிறோம்.

டூவோலிங்கோவையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில், கார்னெகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் லூயிஸ் வான் ஆன் என்பாரும் அவர்தம் மாணவர் செவரின் ஹாக்கரும் தொடங்கியது அது. 2011-ஆம் ஆண்டில் பேராசிரியர் மேடையேறி, "மாணாக்கர் இலவசமாகக் கற்பர்; கற்கும்போதே இணையப் பக்கங்களை மொழிபெயர்த்தும் தருவர்; 1,00,000 பேர் முயன்றால் ஆங்கில விக்கிப்பீடியாவை 5 வாரங்களில் ஸ்பானிய மொழியில் ஆக்கிவிடலாம்" என்னும் கருத்துப்படக் கணக்குரைத்தார். கணக்கு பத்திரிகைகளில் ஏறிற்று. எல்லோரும் சோதித்துப் பார்க்கப் பாடம் அப்போது ஏது? 2012 ஜூனில் எல்லோர்க்கும் கதவு திறக்குமுன்னரே 3,00,000 பேருக்குமேல் பெயர் பதிந்து காத்திருந்தனர்.

பின் நடந்ததென்ன? மொழிபெயர்ப்பு வாணிபம் சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. இன்று அக்கம்பெனியின் வருவாயில் பெரும்பங்கு சந்தாப் பணமே. இலவசப் பாடம் நிலைத்தது என்பதையும் நாம் மறைக்கவில்லை. திட்டம் மாறுதல் வாணிபத்தில் இயல்பு. அதற்காகக் கம்பெனியை ஏசோம். வாக்குறுதியைச் செய்தியென்று அச்சிடும் வழக்கத்தையே கண்டிக்கிறோம்.

தோட்டத்து வேலை முடிந்து வந்து, மலாயோ ஆங்கிலமோ கற்றால் மேல்நிலை எய்தலாமென்று எண்ணும் இளைஞனுக்கு ஓய்வு நாழிகை ஒன்றே முதல். அம்முதலை எங்கே இடுவது என்று அவன் பத்திரிகையைப் பார்க்கிறான். பத்திரிகையோ முதலாளி எத்தனை கோடி தந்தார் என்று எழுதுகிறது. பாடம் வகுத்தவர் யார்? ஆறு திங்கள் கற்றவன் கடைக்காரனோடு நாலு வார்த்தை பேசுவானா? இவற்றைக் கேட்பாரில்லை.

புதுமையை அறிவித்தல் பத்திரிகையின் கடமையன்றோ என்பர் சிலர். அறிவிக்கட்டும், ஆனால் இது வாக்குறுதி, இன்னும் எவரும் கற்றுப் பார்க்கவில்லை என்றும் சேர்த்து அறிவிக்கட்டும். ஓராண்டு கழித்து மீண்டும் சென்று, கற்றவனைப் பேசச் சொல்லிக் கேட்டு எழுதட்டும்.

நாமும் பத்திரிகை நடத்துவோரே. ஆதலின் இவ்விதி நமக்கும் உரியது. தோழர்களே, கோயில் பிரசாதத்தையும் ஏன் எதற்கு என்று கேட்கத் துணிந்த நீங்கள், அச்செழுத்தையும் அவ்வாறே கேளுங்கள்!