சுதேசிக்கு மட்டும் உச்சவரம்பா?

கோடைக்கானலுக்கு அப்பால் பூம்பாறை, மன்னவனூர் முதலிய மலைக் கிராமங்களில் விளையும் பூண்டுக்குத் தனிப் பெருமை உண்டு. 2019-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால், மூட்டை மலையிறங்கி வடுகபட்டிச் சந்தையைச் சேர்ந்த பிறகுதான் விலை இன்னதென்று குடியானவருக்குத் தெரியும். அந்தக் கஷ்டம் பழகிப்போன கஷ்டம். "மலைப்பூண்டு இன்ன விலைக்கு மேல் போகக் கூடாது, அயல்நாட்டுப் பூண்டு எந்த விலைக்கும் போகலாம்" என்று ஒருவர் புதுச் சட்டம் போட்டால் என்ன ஆகும்? மலையே திரண்டு வந்துவிடும் அல்லவா?

கிரிக்கெட் சந்தையில் இத்தகைய சட்டம் ஒன்று மூன்று வருஷ காலம் அமலில் இருந்தது. மலை திரளவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

2008-ல் தொடங்கிய இந்தியன் பிரிமியர் லீக்கில் ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுப்பது வழக்கம். 2011 முதல் 2013 வரையில், தேசத்தின் அணியில் இன்னும் ஆடாத இந்திய இளைஞர்கள் அந்த ஏலத்தில் நிற்க முடியாது. அவர்களுடைய அநுபவத்தைப் பார்த்து 10 லட்சம், 20 லட்சம், 30 லட்சம் என்று மூன்று படிகளில் சம்பளம் நிர்ணயிக்கப்பட்டது. அதே சமயத்தில் அயல்நாட்டார் ஏலத்தில் நின்று, தங்கள் திறமைக்கு ஏற்ற விலையைப் பெற்றார்கள். சுதேசிக்குக் கட்டுப்பாடு, விதேசிக்குத் தாராளம்! அந்நியத் துணியை எரித்த தேசத்தில் இப்படியும் ஒரு விதி இருந்தது.

2014-ல் விதி மாறியது. அவ்வருஷமே கர்ண் சர்மா என்பவர் 3.75 கோடி ரூபாய்க்கு ஏலம் போனார். 2017-ல் சேலம் ஜில்லா சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜனுக்கு ஆரம்ப விலை 10 லட்சம். முடிவில் கிடைத்ததோ 3 கோடி. பழைய சட்டம் நீடித்திருந்தால் அது சில லட்சங்களோடு நின்றிருக்கும். இன்று அவர் தம் சொந்த ஊரிலேயே கிரிக்கெட் மைதானம் ஒன்று அமைத்திருக்கிறார். ஒருவருக்குக் கிடைத்த நியாயமான கூலி ஓர் ஊருக்கே மைதானமாகிவிட்டது!

"வரம்பே வேண்டாம் என்கிறீர்களா? 2025 டிசம்பரில் இரண்டு பையன்களை ஆளுக்கு 14.20 கோடிக்கு எடுத்தார்களே, அது விவேகமா?" என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பணக்கார அணி ஒன்றே எல்லோரையும் வாங்கிவிட்டால் ஆட்டத்தில் சுவை இராது. ஆகவே ஓர் அணி மொத்தத்தில் இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்ற வரம்பை நாம் ஆட்சேபிக்கவில்லை. அமெரிக்கக் கூடைப்பந்தில் 1984 முதல் அத்தகைய வரம்பு இருக்கிறது. 1995 முதல் புதிதாக வரும் ஆட்டக்காரருக்குச் சம்பளப் படியும் இருக்கிறது. ஆனால் அங்கே ஆட்டக்காரர் சங்கம் எதிரே உட்கார்ந்து, வாதாடி, ஒப்புக்கொண்ட பிறகே இவை சட்டமாகின்றன. நம் தேசத்திலோ 2019-ல் ஏற்பட்ட ஆட்டக்காரர் சங்கம் ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டுமே உரியது. ஆடுகிறவருக்காகப் பேச ஆளில்லை!

இதனால் நேரும் விபரீதத்துக்கு ஓர் உதாரணம். சென்னை இளைஞர் சாய் சுதர்சனைக் குஜராத் அணி 2022-ல் 20 லட்சத்துக்கு எடுத்தது. 2023-லும் அதே தொகை. அவ்வருஷம் பிப்ரவரியில், நம் மாகாணத்தின் தமிழ்நாடு பிரிமியர் லீக் முதன்முதலாக ஏலம் நடத்தியபோது, கோவை அணி அவரை 21.6 லட்சத்துக்கு எடுத்தது. அகில இந்தியப் பந்தயத்தைவிட உள்ளூர்ப் பந்தயம் அதிகம் கொடுத்தது! அதே மே மாதம் இறுதிப் பந்தயத்தில் அவர் 47 பந்துகளில் 96 ஓட்டங்கள் அடித்தார். 2025-ஆம் ஆண்டுப் பந்தயத்துக்குத்தான் சம்பளம் 8.5 கோடியாயிற்று. அவருக்குக் காலம் கைகொடுத்தது. நடுவில் கால் முறிந்து உட்கார்ந்துவிட்ட பையன் யாரிடம் போய்க் கேட்பான்?

பூண்டு விளையும் அதே திண்டுக்கல் ஜில்லாவின் பெயரைத் தாங்கிய அணி 2024-ல் தமிழ்நாடு பிரிமியர் லீக் கோப்பையை வென்றது. நத்தத்துக் கல்லூரி மைதானத்தில் நடக்கும் பந்தயங்களைக் காணப் பழனியிலிருந்தும் கோடைக்கானலிலிருந்தும் சிறுவர்கள் பஸ் பிடித்து வரலாம். அவர்களில் யார் நாளைய நடராஜன் என்று யாருக்குத் தெரியும்? அந்தச் சிறுவனைப் படிக்க வைப்பதா, பந்து வீச விடுவதா என்று தகப்பனார் யோசிக்கும்போது கணக்கில் வருவது கோடி அல்ல. முதல் இரண்டு மூன்று வருஷத்துச் சம்பளமே.

ஆகையால் நாம் கேட்பது மூன்று. அணிக்கு வரம்பு இருக்கட்டும். சுதேசி ஆட்டக்காரருக்கு மட்டும் தனி உச்சவரம்பு இனி ஒருபோதும் வேண்டாம். அவருக்கு வேண்டியது கூரை அல்ல, தரை: குறைந்தபட்சச் சம்பளம் கௌரவமாக இருப்பதோடு, ஆட்டம் உயர உயர அடுத்த வருஷமே அதுவும் உயர வேண்டும். விதி செய்யும் மேஜையில் ஆடுகிறவருக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும்.

பூண்டு பேசாது. அதன் விலையைச் சந்தை சொல்லிவிட்டுப் போகட்டும். விளையாட்டுப் பிள்ளைக்கு வாய் இருக்கிறது. அவனையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு விலை சொல்லுவதுதான் மரியாதை.