ராத்திரி டூட்டியில் யார் சார் பொறுப்பு?

வைத்திக்குப்பத்தில் ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் ஜி.ஹெச். பக்கத்தில்தான். ஆனாலும் கொஞ்சம் பெரிய வியாதி என்றால் "கோரிமேட்டுக்குப் போயிடு" என்பார்கள். 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வாரிசான ஜிப்மர் அங்கேதான் இருக்கிறது. படிப்பு எங்கேயோ அங்கேதான் வைத்தியமும் என்று ஜனங்கள் முடிவு கட்டிவிட்டார்கள்.

இது புதுச்சேரிக் கதை மட்டுமல்ல. இதைக் கொஞ்சம் மாற்ற 2020-ல் அறிவிக்கப்பட்டதுதான் மாவட்ட ரெசிடென்சி திட்டம். எம்.டி., எம்.எஸ். மாணவர்கள் மூன்றாவது, நான்காவது அல்லது ஐந்தாவது செமஸ்டரில் 3 மாதம் மாவட்ட மருத்துவமனையில் பயிற்சி பெற வேண்டும். உதவித்தொகை நிற்காது. 2023 விதிகளின்படி 50 படுக்கை உள்ள அரசு மருத்துவமனை போதும்.

நல்ல திட்டம்தான், சந்தேகமே இல்லை. சர்க்கரைப் புண்ணை நாலு வாரம் மூடி வைத்துவிட்டு வருகிறவரை முதலில் பார்ப்பது இந்த மாதிரி ஆஸ்பத்திரிதானே!

சிக்கல் வேறு இடத்தில். நிபுணரின் மேற்பார்வையில் என்று விதி சொல்கிறது, சரி. மயக்க மருந்து படிக்கும் மாணவர் போகிற இடத்தில் ஒரே ஒரு மயக்க மருந்து டாக்டர் இருந்து, அவரும் லீவில் போனால்? மாணவரே டூட்டி டாக்டர் ஆகிவிடுவார். காலியிடம் நிரம்பியது என்று ஆஸ்பத்திரிக்கு நிம்மதி. மேஜையில் படுத்திருப்பவருக்கு?

ஆகவே இரண்டு மருத்துவமனைகளும் ஒப்பந்தம் போடும்போது எத்தனை பேர், எந்தத் தேதி என்பதோடு நிறுத்தக் கூடாது. எந்தத் துறைக்கு யார் பொறுப்பு, ராத்திரி இரண்டு மணிக்கு யாருக்கு போன் போடுவது என்று பெயர் போட்டு எழுத வேண்டும். பெயர் எழுத ஆள் இல்லாத துறைக்கு மாணவரை அனுப்பவே வேண்டாம்.