செய்வினை என்றால், செய்தது யார்?



இந்தப் பதிவு சிலருக்குக் கோபத்தைத் தரும். பரவாயில்லை. முழுவதையும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

நம்ம பக்கத்தில் எதற்கெடுத்தாலும் ஒரே பேச்சுதான். பிள்ளைக்குச் சாப்பாடு இறங்கவில்லையா, கண்ணூறு. மருமகளுக்குக் கரு தங்கவில்லையா, செய்வினை. மகன் கொழும்புக் கடை வேலையை விட்டுவிட்டு வந்து யாரோடும் பேசாமல் படுத்தே கிடக்கிறானா, யாரோ சாப்பாட்டில் எதையோ வைத்துக் கொடுத்துவிட்டார்கள். ஹற்றன், டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை எங்கே போனாலும் இதேதான். இதில் இன மத பேதமும் கிடையாது. தமிழ் ஆட்கள் நூல் கட்ட லெப்பையிடம் வருகிறார்கள். எங்கள் ஆட்கள் பள்ளிவாசலுக்குத் தெரியாமல் சிங்களக் கட்டாடியிடம் போகிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நாட்டில் ஒற்றுமை பலமாக இருக்கிறது!

இது படிக்காத சனத்தின் பழக்கம் என்று யாரும் சொல்ல வேண்டாம். 2020இல் கொரோனாவை ஓட்ட ஆற்றில் முட்டி போட்டவர் இந்த நாட்டின் சுகாதார அமைச்சர். காளி சொல்லிக் கொடுத்ததாகச் சொன்ன கேகாலைப் பாணியையும் அவர் குடித்தார். 2021 ஜனவரியில் அவருக்கே கொரோனா வந்தது. பிறகு அவர் போனது ஆஸ்பத்திரிக்குத்தான்.

வகுப்பில் நாங்கள் செய்வினை, செயப்பாட்டுவினை படிப்பிக்கிறோம். செய்வினை வாக்கியத்தில் செய்தவர்தான் எழுவாய். மந்திரவாதியின் தொழிலும் உங்கள் கஷ்டத்துக்கு ஓர் எழுவாயைத் தேடித் தருவதுதான். பெயரைச் சொல்லமாட்டார். "உங்க வீட்டுக்குக் கிழக்கால, வயசான பொம்பளை, அடிக்கடி வந்து போற ஆள்" என்பார். லயத்தில் பத்துக் காம்பரா. கிழக்குப் பக்கம் யார் என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அநேகமாக அவர் புருஷனை இழந்த, கேட்க நாதியில்லாத ஓர் ஆச்சியாக இருப்பார். அடுத்த நாளிலிருந்து அவர் கையால் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடமாட்டார்கள்.

சரி, உண்மையான எழுவாய் யார்? 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வைப் பாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 வீதம். தோட்டங்களில் 31.7 வீதம். தோட்டத்துப் பிள்ளைகளை மட்டும் குறி பார்த்து இத்தனை பேருக்குச் சூனியம் வைத்த மந்திரவாதி யார்? வயிற்றில் பிள்ளையோடு மலை ஏறி இறங்கும் தாய்க்குச் சத்தான சாப்பாடு இல்லை. லயத்துக் காம்பராவில் புகையும் ஈரமும். அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய் ஆனதே 2024 செப்டம்பரில்தான். செய்தவர்கள் கம்பனியிலும் அரசாங்கத்திலும் இருக்கிறார்கள். நாம் பக்கத்துக் காம்பராவைப் பார்த்துக்கொண்டிருக்கும் வரை அவர்களுக்கு நிம்மதி. ஒரு கழிப்புக்குக் கேட்கும் காசு எத்தனை நாள் பேர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் காசில் பிள்ளைக்கு எத்தனை முட்டை வாங்கலாம்?

காசு போனால் உழைக்கலாம். 2021 பெப்ரவரியில் தெல்கொடையில் ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று செத்தது. பேய் பிடித்திருக்கிறது என்று பிரம்பால் அடித்தார்கள். பேயோட்டிய பெண்ணோடு பெற்ற தாயும் கைதானார். மகளைக் காப்பாற்றத்தான் அந்தத் தாய் அங்கே கூட்டிப் போயிருந்தார்.

முஸ்லிம் சகோதரர்களுக்குத் தனியாக ஒன்று. அம்பாறை ஞாபகம் இருக்கிறதா? 2018 பெப்ரவரியில் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கருத்தடை மாத்திரை கலக்கிறார்கள் என்று கடையையும் பள்ளிவாசலையும் உடைத்தார்கள். பரிசோதித்துப் பார்த்தால் அது வெறும் மாவுக் கட்டி. 2019இல் குருநாகல் வைத்தியர் ஷாபியைத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று பிடித்து அடைத்தார்கள். அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று சீஐடியே நீதிமன்றத்தில் சொன்னது. "சாப்பாட்டில் எதையோ வைத்துவிட்டார்கள்", "இரகசியமாகப் பிள்ளை இல்லாமல் ஆக்கிவிட்டார்கள்." இந்த வார்த்தைகளை எங்கே கேட்டிருக்கிறோம்? லயத்து ஆச்சியைப் பற்றிப் பேசுவதும் இதே வார்த்தைகளில்தானே? சாட்சி இல்லாத பழி எப்படிச் சுடும் என்று தெரிந்த சமுதாயம் நாம். அதை இன்னொருவர் தலையில் போடலாமா?

"குர்ஆனிலேயே சிஹ்ர் இருக்கிறதே" என்று கேட்பீர்கள். இருக்கிறது. சூரா பகராவின் 102ஆம் வசனத்தில் இருக்கிறது. அல்லாஹ்வின் அனுமதி இல்லாமல் அதனால் எவருக்கும் தீங்கு செய்ய முடியாது என்பதும் அதே வசனத்தில்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரிமேல் விரல் நீட்ட அதில் எங்கே அனுமதி? குறிகாரனிடம் போய்க் கேட்டவனின் தொழுகை நாற்பது நாட்களுக்கு ஏற்கப்படாது என்ற ஹதீஸை ஏன் மறந்தோம்? நபிகளாரின் மகன் இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. அந்த மரணத்தால்தான் என்று மக்கள் பேசினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த அந்தத் துக்கத்திலும், எவருடைய மரணத்துக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று அவர்கள் திருத்தினார்கள். நமக்கு அதைவிடவா பெரிய துக்கம்?

கும்பிடுங்கள், தொழுங்கள், துஆ கேளுங்கள். அது மனதுக்குப் பலம். ஆனால் காய்ச்சலுக்கு டிஸ்பென்சரி, அதற்கு மேல் டிக்கோயா ஆஸ்பத்திரி. அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ், காசு இல்லை. பேசாமல் படுத்துக் கிடக்கும் மகனுக்கு 1926, மனநல உதவி இலக்கம். அதில் தமிழிலும் பேசலாம். அது வெட்கம் இல்லை, வருத்தம். மருந்து இருக்கிறது.

உங்கள் லயத்தில் அப்படி ஒதுக்கி வைக்கப்பட்ட ஓர் ஆச்சி இருந்தால், நாளைக்கே பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் அவர் கையால் ஒரு சாயத்தண்ணி வாங்கிக் குடியுங்கள். நாலு பேர் பார்க்கக் குடியுங்கள்.

சரியென்று பட்டால் பகிருங்கள்.