காற்றுக்காலத்தில் பூட்டிய ஆய்வகம்

மாண்பமை துணைவேந்தர் அவர்களுக்கு,

தங்கள் பல்கலைக்கழகத்தின் மின்னியல் துறையில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் முனைவர் பட்டம் முடித்து, அதே துறையில் தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கும் ஓர் உதவிப் பேராசிரியருக்காக எழுதுகிறேன். அவர் கொடுத்த மனுக்களும் நான் கொடுத்தவையும் தங்கள் அலுவலகத்தில்தான் இருக்கின்றன. எதற்கும் பதில் இல்லை. நியமன விதிகளைத் தாங்கள் அறிவீர்கள். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தல் பக்கம், தொண்ணூறுகளில் நட்ட சிறிய காற்றாலைகள் பல இன்னும் ஓடுகின்றன. 225, 250 கிலோவாட் இயந்திரங்கள். அவற்றில் இருக்கும் பழைய இண்டக்‌ஷன் ஜெனரேட்டர், மின்சாரம் தரும்போதே மின்தொகுப்பிலிருந்து ரியாக்டிவ் பவரை இழுத்துக்கொள்ளும். காற்று ஓங்கும் நேரத்தில் மின்பாதையில் மின்னழுத்தம் சரிந்தால் காற்றாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ட்ரிப் ஆகும். இப்போது தென்மாவட்டங்களில் சூரிய மின்சாரமும் சேர்ந்திருக்கிறது. சாயங்காலம் வெயில் இறங்கிக் காற்று ஏறும்போது அழுத்தம் எப்படி ஆடுகிறது என்று நொடிக்கு நொடி பதிவு செய்தால்தான், எந்த இடத்தில் கெப்பாசிட்டர் போதும், எந்த இடத்தில் இன்வெர்ட்டரைக் கொண்டு சரிக்கட்ட வேண்டும் என்று சொல்ல முடியும். 11,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நிறுவியிருக்கும் மாநிலத்துக்கு இது அன்றாடத் தேவை.

அந்தப் பதிவைத்தான் அவர் செய்துவந்தார். காற்றாலை உரிமையாளர் ஒருவரிடம் தானே பேசி அனுமதி வாங்கி, கருவியைப் பொருத்தி, வாரம்தோறும் பேருந்தில் போய்ப் பதிவுகளை நகல் எடுத்து வந்தார். இதற்கான ஆய்வுத் திட்டத்தை எழுதியதும் அவர்தான். நிரந்தரப் பணியாளர் இல்லை என்பதால் முதன்மை ஆய்வாளராக வேறொரு பேராசிரியரின் பெயர் போனது. அந்தப் பேராசிரியர் ஒருநாள்கூடக் களத்துக்குப் போனதில்லை.

தென்மேற்குக் காற்று மே முதல் செப்டம்பர் வரைதான். தங்கள் அலுவலகம் ஒப்பந்தத்தை முடித்துப் பணிமுறிவு காட்டுவதும் மே மாதக் கடைசியில்தான். முன்பெல்லாம் சில நாளில் மறு ஆணை வந்துவிடும். சென்ற ஆண்டு வரவில்லை. மே 31 மாலை ஆய்வகச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். கருவியில் சேர்ந்த பதிவை மட்டும் எடுத்துவர அனுமதி கேட்டார். பணியில் இல்லாதவர் பல்கலைக்கழகச் சொத்தைத் தொடக்கூடாது என்றார்கள். நினைவகம் நிறைந்து, ஜூன் நடுவிலேயே கருவி நின்றுபோனது. மறு ஆணை வந்தது செப்டம்பர் கடைசியில். காற்று அதற்குள் ஓய்ந்துவிட்டது. தேர்வு என்றால் மறுபடி நடத்தலாம். போன காற்றுக்காலத்தை யார் திருப்பித் தர முடியும்?

இதற்கிடையில் ஜூலையில், பல்கலைக்கழகத்தின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வந்தது. குழுவுக்குக் காட்ட அந்த ஆய்வகத்தைத்தான் தேர்ந்தெடுத்தீர்கள். விளக்கிச் சொல்ல ஆள் இல்லையென்று, சம்பளம் இல்லாமல் வீட்டில் இருந்தவரைத் தொலைபேசியில் அழைத்தீர்கள். அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, தன் கருவிகளை ஒவ்வொன்றாக விளக்கினார். அன்று அவர் பணியில் இல்லாதவர் என்பது உங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. குழு காரில் ஏறியதும் சாவியைத் திரும்பக் கேட்க மட்டும் நினைவு வந்தது. என் முப்பதாண்டு ஆசிரியப் பணியில் இவ்வளவு கூசிப்போன நாள் வேறில்லை.

2023 முதல் இளநிலை ஆய்வு மாணவருக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். அந்த மாணவர்களுக்குப் பாடம் சொல்லித்தரும் இவருக்கு நீங்கள் கொடுப்பது அதைவிடக் குறைவு. முறிவு மாதங்களில் அதுவும் கிடையாது. உங்கள் மகளோ மகனோ முனைவர் பட்டம் வாங்கி இப்படி நிற்க நேர்ந்தால், கோப்பு நகரட்டும் என்று காத்திருப்பீர்களா?

துறையில் நிரந்தர இடங்கள் காலியாக இருக்கின்றன, அறிவிக்கை வெளியிடுங்கள். போட்டியிட்டு வரட்டும், சலுகை கேட்கவில்லை. அதுவரை முறிவில்லாமல் அவரைத் தொடர விடுங்கள். அவர் எழுதிய திட்டத்தில் அவர் பெயரைச் சேருங்கள்.

மே பிறக்கப் போகிறது. அவருடைய ஒப்பந்தம் இந்த ஆண்டும் 31-ஆம் தேதியோடு முடிகிறது. கோப்பு உங்கள் மேசையில் இருக்கிறது. அந்தத் தேதிக்கு முன் கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்னியல் பேராசிரியர் ஒருவர்