யோசனை சொல்பவருக்கும் பயிற்சி வேண்டும்

உழவருக்கு ஒருவர் தவறான யோசனை சொன்னால், ஒரு குடும்பத்தின் ஒரு போக உழைப்பே பாழாகிவிடும். ஆகவே, வயலுக்கு வந்து யோசனை சொல்லும் வேளாண்மை அலுவலருக்கு நல்ல பயிற்சி அவசியம். அந்தப் பயிற்சி அந்தந்த வட்டாரத்திலேயே கிடைக்க வேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். நெல் வயலில் பயிர் ஆங்காங்கே வட்ட வட்டமாகப் பழுத்துக் காய்கிறது. சத்துக் குறைவு என்று எண்ணி, "யூரியா போடுங்கள்" என்கிறார் ஒருவர். ஆனால் குனிந்து தூரைப் பிரித்துப் பார்த்தால், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டம் கூட்டமாகப் பூச்சி இருக்கிறது. அதுதான் புகையான். யூரியா போட்டால் அது இன்னும் பெருகும். யூரியாவை நிறுத்துவதும் தண்ணீரை வடிப்பதுமே முதல் வேலை. குனிந்து பார்க்கும் பழக்கம் வயலில்தான் வரும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது அல்லவா?

இந்த உண்மையை நம் நாடு முன்பே உணர்ந்திருக்கிறது. 1952 அக்டோபர் 2-ஆம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அதில் பணியாற்றிய கிராம சேவகர்களுக்கென்று பயிற்சி நிலையங்கள் ஏற்பட்டன. 1974-ல் நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் புதுச்சேரியில் தோன்றியது. இன்று இத்தகைய நிலையங்கள் நாட்டில் 700-க்கு மேல் உள்ளன. புதுக்கோட்டை மாவட்டம் குடுமியான்மலையில் வேளாண்மை அலுவலர்களுக்குப் பயிற்சி தரும் மாநில நிலையமும் இருக்கிறது.

இவை நல்ல பணி செய்கின்றன. ஆனால் தமிழ்நாடு முழுதும் ஒரே மண் அல்ல. காவிரிப் படுகையில் நெல். கோவில்பட்டிக் கரிசலில் மானாவாரிப் பருத்தி. நீலகிரியில் தேயிலையும் உருளைக்கிழங்கும். மழையையும் மண்ணையும் பார்த்து, மாநிலத்தை 7 வேளாண் மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். மண்டலத்துக்கு ஒன்றாக, அலுவலர்களுக்கென்றே பயிற்சி நிலையம் வேண்டும்.

அங்கே கரும்பலகை மட்டும் இருந்தால் போதாது. சொந்த வயல் இருக்க வேண்டும். மண் பரிசோதனை அறை வேண்டும். புதிய அலுவலர் விதைப்பு முதல் அறுவடை வரை ஒரு போகம் அங்கே தங்கிப் பழக வேண்டும். அனுபவமுள்ள உழவர்கள் ஆசிரியர்களாக வர வேண்டும். நாற்று நடுவதும் களை எடுப்பதும் பெரும்பாலும் பெண்கள்தான். அவர்களோடு பேசிப் பழகுவதும் பாடத்தில் சேர வேண்டும்.

இன்று பல உழவர்கள் உரக்கடைக்காரரிடம்தான் யோசனை கேட்கிறார்கள். கடைக்காரர்களுக்காக 2003 முதல் ஓராண்டுப் பட்டயப் படிப்பு நடக்கிறது. அது வரவேற்கத் தக்கதே. ஆனால் விற்பவரே யோசனையும் சொன்னால், "இதற்கு மருந்தே வேண்டாம்" என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? விற்க எதுவும் இல்லாதவர்தான் அதைத் துணிந்து சொல்ல முடியும்.

செலவு அதிகம் ஆகுமே என்று சிலர் கேட்கலாம். எல்லா இடத்திலும் புதுக் கட்டடம் கட்ட வேண்டியதில்லை. கோவில்பட்டியில் 1901-லும் ஆடுதுறையில் 1922-லும் தொடங்கிய ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. அங்கே நிலமும் இருக்கிறது, நிபுணர்களும் இருக்கிறார்கள். அவற்றோடு பயிற்சி நிலையத்தை இணைத்தாலே பாதி வேலை முடிந்தது.

வயலில் இறங்கிக் கற்ற அலுவலர் சொல்லும் ஒரு வார்த்தை, ஒரு மூட்டை உரத்தை மிச்சப்படுத்தும். சில சமயம் ஒரு விளைச்சலையே காப்பாற்றும். அரசாங்கம் இதில் காலதாமதம் செய்யக் கூடாது.